நாக்கு ஒட்டிய பிள்ளையும் தாய்ப்பாலும்

தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்பதில் மதுரைப் பக்கத்து வீடுகளில் இன்றைக்கு யாருக்கும் மறுப்பு இல்லை. பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்காதபோதுதான் குழப்பம் தொடங்குகிறது. பேறுகாலத்துக்கு வந்த மகள் காம்பு புண்ணாகி அழுகிறாள். "நாங்கெல்லாம் கொடுக்கலையா தாயி, ஒரு வாரத்துல சரியாப் போயிரும்" என்கிறார் அவள் அம்மா. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறவர் "பிள்ளைக்கு உரம் (சுளுக்கு) விழுந்திருக்கு" என்கிறார். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கிறார்கள். பிள்ளையின் வாய்க்குள் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு குட்டையாகவோ தடித்தோ இருந்தால், அழும்போது நாக்கு மேலே எழும்பாது, கீழ் ஈறைத் தாண்டியும் நீளாது; நுனி நடுவில் உள்ளே இழுபட்டிருக்கும். இதுதான் நாக்கு ஒட்டு.

இப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தொடர்ந்து மார்பிலேயே பால் கொடுப்பது சரியா? பெரும்பாலும் சரி. நாக்கு ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற குழந்தைகளில்கூடப் பாதிக்கும் குறைவானவர்களுக்கே குடிப்பதில் சிக்கல் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024 அறிக்கையில் சொல்கிறது. பலருக்குப் பிடியைத் திருத்தினாலே போதும். காம்பைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே வைத்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை முதலில் மார்பில் பதியும்படி அணைக்க வேண்டும். காம்போடு கருவட்டத்தின் கீழ்ப்பகுதியும் நிறைய உள்ளே போனால் ஈறு காம்பைக் கடிக்காது. இதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆனாலும் முதல் 6 மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் இங்கே 55.1 சதவீதம்; இந்திய அளவில் 63.7. பெட்டில் படுக்கவைத்துப் பிரசவம் பார்க்கிற அளவுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பாலூட்டக் கற்றுத்தர நமக்கு நேரமில்லை.

இந்த ஊர் வீடுகளில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது: சங்கு, அல்லது பாலாடை. மார்பில் குடித்தது போதாத பிள்ளைக்குப் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம். புட்டியைவிட இது நல்லது. குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே சங்கில் சர்க்கரைத் தண்ணியும் பசும்பாலும் புட்டிப்பால் மாவும் போகும்போது பலமே பலவீனமாகிவிடுகிறது. பிள்ளை உறிஞ்சாத, பீய்ச்சியும் எடுக்காத மார்பில் சில நாளிலேயே பால் குறையும். அப்புறம் 'இவளுக்குப் பால் இல்லை' என்று பெயர் வேறு. சங்கைக் கொதிநீரில் போடாமல் வைப்பது இன்னொரு தொல்லை.

தொடர்ந்து கொடுப்பதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு. 'தொடர்' என்பதை 'பொறுத்துக்கொள்' என்று ஆக்கிவிட்டோம். குடித்து முடித்ததும் காம்பு ஒரு பக்கம் சப்பையாக நசுங்கி, வெளுத்து, வெடித்திருந்தால் அது தாய்மையின் அடையாளம் அல்ல. பிடி சரியில்லை என்பதன் அடையாளம். பிள்ளையின் எடையைக் கேட்கிறோம், மூத்திரம் போனதா என்று கேட்கிறோம். வலிக்கிறதா என்று அந்தப் பெண்ணை யார் கேட்கிறார்கள்?

இங்கேதான் நாக்கடிச் சவ்வை வெட்டிவிடும் சிகிச்சை பற்றிய ஆய்வு முடிவுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2017இல் வந்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 5 ஆய்வுகளை, 302 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. வெட்டியதால் பிள்ளை குடிப்பது மேம்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாயின் காம்பு வலி மட்டும் குறுகிய காலத்தில் குறைந்தது. ஆக, வெட்டினால் கிடைக்கிற உறுதியான பலன், நம் வீடுகளில் கணக்கிலேயே வராத ஒன்று. வலியைக் கேட்காத குடும்பம் வெட்டுவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுக்கும்?

வெட்டுவது சில நொடி வேலை. சில சொட்டு ரத்தம், உடனே பால் கொடுக்கலாம். அதனாலேயே அவசரமும் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1997க்கும் 2012க்கும் நடுவில் நாக்கு ஒட்டு இருப்பதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகள் 3,934இலிருந்து 32,837 ஆனார்கள். நாக்குகள் அவ்வளவு மாறியிருக்காது. பார்க்கிற கண் மாறியது, வெட்டுவதற்கென்றே கடைகளும் திறந்தன. பேச்சு வராது என்ற பயத்தில் மட்டும் பச்சைப் பிள்ளைக்கு வெட்டத் தேவையில்லை. பேச்சு வரட்டும் என்று நாக்கில் வசம்பைத் தேய்த்தாலும் அந்தச் சவ்வு இளகாது.

பிறவிக் குறைகளைத் தேடும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (2013) பட்டியலில் உதட்டுப் பிளவு உண்டு, நாக்கு ஒட்டு கிடையாது. அதனால் கவனிக்க வேண்டியது வீடுதான். இரண்டு வாரமாகியும் பிள்ளை பிறந்த எடையை எட்டவில்லை என்றாலோ, பிடியைத் திருத்திய பிறகும் வலி நிற்கவில்லை என்றாலோ, உசிலம்பட்டி அல்லது மேலூர் அரசு மருத்துவமனையோ, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். பிள்ளையின் நாக்கை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். டாக்டர் முன்னாலேயே ஒருமுறை பால் கொடுத்துக் காட்டுங்கள்.