போர்க்களமும் பார்வைக் கோணமும்
வாட்டர்லூ பற்றிய ஆக்கங்கள் சில

போர் வரலாற்றைச் சுவைப்போர் பல திறத்தினர். நூல் வழியே சுவைப்போர் உளர். சிற்றுருவ வீரர்க்கு வண்ணந் தீட்டிக் களம் அமைப்போர் உளர். திரையிலே குதிரைப்படை பாயும் கணத்துக்காகக் காத்திருப்போரும் உளர். போரை அயலிலே கண்ட சமூகத்தினர் இத்தகைய சுவையே தகாதது எனக் கருதுதல் இயல்பே. எனினும், சுவைத்தலையே குற்றமெனக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. எவ்விடத்தில் நின்று சுவைக்கிறோம் என்பதே விசாரணைக்குரியது. 1815 யூன் 18 ஆந் திகதி நிகழ்ந்த வாட்டர்லூச் சமரைப் பொருளாகக் கொண்ட ஆக்கங்கள் சிலவற்றை இந்நோக்கிலே அணுகலாம்.

வில்லியம் சைபோர்ண் என்னும் பிரித்தானியப் படை அலுவலர் அச்சமரிலே பங்குபற்றியவரல்லர். 1830 இல் சமர்க்களத்தின் மாதிரியுருவொன்றை ஆக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. களத்தின் நடுவிலிருந்த லா ஹே செந்த் பண்ணைவீட்டிலே எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். அதன்பின் சமரில் நின்ற அலுவலர்க்குச் சுற்றுமடல் அனுப்பினார். மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கு நின்றது, எதிரி எவ்வாறு அணிவகுத்திருந்தான், வயலில் நின்ற பயிர் யாது என்பன அவருடைய வினாக்கள். பயிரைக்கூட வினவிய அந்த நுணுக்கம் வியக்கத்தக்கது. அரசு 1833 இல் நிதியை நிறுத்திய பின்பும் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 1838 இல் இலண்டன் எகிப்திய மண்டபத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது சுமார் 1,00,000 பேர் கட்டணஞ் செலுத்திக் கண்டனர். ஒரு மைல் நிலம் 9 அடியாகச் சுருங்கியிருந்தது; அதன்மீது 70,000 இற்கு மேற்பட்ட ஈயக்கலவை உருவங்கள் நின்றன.

இத்துணை நேர்மையான முயற்சிக்கு நேர்ந்தது யாது? களத்தின் ஓரத்திலே பிரஷ்யப் படையினர் பெருந்தொகையினராய் நிற்பதை வெலிங்டனும் அவரைச் சார்ந்தோரும் விரும்பவில்லை. வெற்றியிற் பங்கு கேட்போர் கண்முன்னே நிற்பது எவர்க்கு உவப்பாகும்? ஈற்றில் அவ்வுருவங்களுட் பெரும்பாலானவற்றைச் சைபோர்ண் அகற்ற வேண்டியதாயிற்று. மேலிருந்து முழுமையாக நோக்கும் பார்வையே உண்மையான பார்வை எனக் கருதுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். முழுக் களத்தையும் ஒரே கணத்திற் காட்டும்போது, அக்கணம் எது, அதிலே யார் யார் நிற்கலாம் என்பவற்றை எவரோ ஒருவர் தீர்மானிக்கிறார்.

அதே 1838 ஆம் ஆண்டின் இறுதி வாரங்களிலேதான் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் தமது 'பார்மா மடாலயம்' நாவலைச் சொல்லச்சொல்ல எழுதுவித்தார். அடுத்த ஆண்டில் அது வெளிவந்தது. அவரும் வாட்டர்லூவில் நின்றவரல்லர். அவருடைய இளம் நாயகன் பப்ரிஸ் புகையிலும் சேற்றிலும் அலைகிறான். தான் கண்டது சமர்தானா என்ற ஐயம் அவனை விட்டு நீங்குவதில்லை. தோல்ஸ்தோய் போரை எழுதக் கற்றது ஸ்டெந்தாலிடமே என்பது அவரே ஒப்புக்கொண்டதாகும். இலண்டன் மண்டபத்திலே பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்தது. பப்ரிசுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டினுள் போருக்கு அண்மையது எது என்பதை விளக்கவேண்டியதில்லை.

தோல்ஸ்தோயின் 'போரும் சமாதானமும்' நாவலைத் திரைக்குக் கொணர்ந்த சோவியத் நெறியாளர் செர்ஜி பொந்தார்ச்சுக், 1970 இல் 'வாட்டர்லூ' படத்தை வெளியிட்டார். உக்ரேனிலே எடுக்கப்பட்ட அப்படத்தில் சோவியத் படையினர் ஏறத்தாழ 15,000 பேர் நடித்தனர். பிரித்தானியக் காலாட்படையின் சதுர வியூகங்களைச் சூழ்ந்து பிரெஞ்சுக் குதிரைப்படை சுழல்வதை வானிலிருந்து காட்டும் காட்சி மறக்கவொண்ணாதது. ஆயினும், அதன் அழகு கேத்திரகணிதத்தின் அழகு. நெறியாளருக்கும் இது உறுத்தியிருக்கவேண்டும். சதுரத்தை விட்டு வெளியே ஓடும் இளவீரன் ஒருவன் ஏன் ஒருவரையொருவர் கொல்கிறோம் என்று கதறுகிறான். கமரா மேலேறிப் பறித்துக்கொண்டதை ஒரு வசனத்தால் மீட்கலாம் என்ற நம்பிக்கை இது. கலையளவில் அது தோல்வியே. பிணங்கள் பரவிய அந்திக்காட்சி பேச்சின்றியே அதனைச் சாதித்துவிடுகிறது.

இன்றைய மாதிரியுரு ஆர்வலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொத்தானின் நிறம் பிழைத்தால் வருந்துமளவுக்கு அவர்கள் நுணுக்கமானவர்கள். ஆனால், முதல்நாள் இரவு முழுதும் மழையில் நனைந்து சேற்றிலே கிடந்தெழுந்த படையல்லவா அது? வெள்ளைக் காற்சட்டை வெள்ளையாகவே இருந்திருக்குமா?

ஜோன் கீகன் 1976 இல் வெளியிட்ட 'சமரின் முகம்' இவ்விடைவெளியை நிரப்ப முயல்கிறது. தாம் சமர் எதனையும் கண்டவரல்லர் என்பதை அவர் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். பின், படையணிகளின் நகர்வை ஒதுக்கி, பசி, களைப்பு, புகை, காயம் என்பவற்றை ஆராய்கிறார். குதிரைகள் சதுரங்களின்மீது மோதவில்லை. அவை தயங்கி நின்றன, அல்லது விலகி ஓடின என அவர் காட்டுமிடத்து, திரையிற் கண்ட பேரலை வேறொன்றாக மாறுகிறது. இங்கும் நாம் சுவைக்கத்தான் செய்கிறோம். ஆனால் களத்துக்குள்ளே நின்று சுவைக்கிறோம்.

கீகன் பயன்படுத்திய சான்றுகளுட் பல, சைபோர்ண் மாதிரியுருவுக்காகத் திரட்டிய மடல்களேயாம். சுமார் 700 மடல்கள் அவருக்கு வந்தன. அவற்றுட் சில 1891 இல் அவருடைய மகனாலே நூலாக வெளியிடப்பட்டன. ஏழு மணிக்கு எங்கே நின்றீர்கள் என்ற வினாவுக்கு, புகையால் எதுவும் தெரியவில்லை என விடையெழுதியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவ்விடையை ஈயத்தில் வார்க்கும் வழி சைபோர்ணிடம் இருக்கவில்லை.