பழமை ஏக்கமும் மலைநாட்டு மக்களும்

மலைநாடுகளைப் பற்றி எழுதும் வெளிநாட்டார் இருவகைப்படுவர். ஒருமுறை கண்டு வியந்து திரும்புவோர் ஒருவகையினர். மீண்டும் மீண்டும் சென்று, மக்களோடு வாழ்ந்து, அவர்தம் வாழ்வின் மாற்றங்களை உணர்வோர் மற்றொரு வகையினர். சுவீடன் நாட்டு மொழியியலாளரான ஹெலனா நோர்பேர்க்-ஹோட்ஜ் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். திபெத்தியப் பண்பாட்டில் ஊறிய லடாக் மக்களைப் பற்றி அவர் எழுதி 1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘பண்டைய எதிர்காலங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை இன்று மீண்டும் படிக்கும்போது, அதன் பெருமையும் குறையும் ஒருங்கே புலனாகின்றன.

லடாக் 1974ஆம் ஆண்டு வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டு திரைப்படக் குழுவொன்றுடன் அங்கு சென்ற ஆசிரியை, அம்மக்களின் மொழியைக் கற்றார். ஆண்டுதோறும் திரும்பிச் சென்றார். சூரிய வெப்பத்தால் வீடுகளைச் சூடாக்கும் முறைகளைப் பரப்ப முனைந்தார். அவர் தொடக்கிய முயற்சிகளின் வழியே, வெளிநாட்டுத் தொண்டர்கள் கோடையில் உழவர் வீடுகளில் தங்கி வயல்வேலை செய்யும் ஏற்பாடும் பின்னர் உருவாயிற்று.

மொழியறிவும் நீண்ட பழக்கமும் நூலுக்கு வலிமை தருகின்றன. தன் ஊரில் ஏழையே இல்லை என்று முதலிற் பெருமையோடு கூறிய இளைஞன், சில ஆண்டுகள் கழித்து, தாங்கள் மிகவும் ஏழைகள் என்று உல்லாசப் பயணிகளிடம் முறையிடுவதை ஆசிரியை கேட்கிறார். இடையில் அவனுடைய வயல் சுருங்கிவிடவில்லை. அவன் தன்னை அளக்கும் அளவுகோலே மாறிவிட்டது. சமவெளியிலிருந்து மானிய விலையில் வந்த தானியம் உள்ளூர் வாற்கோதுமையின் மதிப்பைக் குறைத்ததையும், கூலியில்லாத பரஸ்பர உழைப்பு தளர்ந்ததையும் அவர் நுணுகிக் காட்டுகிறார். 1989ஆம் ஆண்டு லேயில் பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் வேரைச் சமயத்தில் மட்டும் தேடாமல், வேலைக்கும் அதிகாரத்துக்குமான போட்டியிலும் தேடியமை பாராட்டத்தக்கது.

ஆயினும், மாற்றத்தைக் கூர்ந்து நோக்கிய கண், மாற்றத்துக்கு முந்திய வாழ்வை நோக்கும்போது கனிந்து மங்கிவிடுகிறது. பழைய லடாக் முரண்பாடற்ற சமுதாயமாக நமக்குக் காட்டப்படுகிறது. அங்கே மடாலயங்கள் பெருநிலக்காரர்களாக இருந்தன. 1834ஆம் ஆண்டு தொடங்கிய டோக்ரா படையெடுப்பினால் அம்மக்கள் பிறர் ஆட்சிக்கு உட்பட்டனர். அரச அலுவலரின் சுமைகளைக் கணவாய்கள் தாண்டிச் சுமக்கும் கட்டாய ஊழியமும் அவர்கள் மீது சுமத்தப்பட்டது. மருத்துவ வசதியின்றிக் குழந்தைகள் மடிந்தனர். சுமை தூக்கிய முதுகையும் பிள்ளையை இழந்த தாயையும் மறந்து வரையப்படும் பொற்காலம், யாருடைய பொற்காலம் என்று நாம் கேட்க வேண்டியவர்களாகிறோம்.

மாற்றத்தின் காரணங்களை ஆராயுமிடத்தும் இக்குறை தொடர்கிறது. மேலைப் பண்பாட்டின் மயக்கம் முன்னணிக்கு வர, 1962ஆம் ஆண்டின் சீன-இந்தியப் போரும், அதையொட்டிப் பெருகிய படைமுகாம்களும் வீதிகளும் பின்னணிக்குத் தள்ளப்படுகின்றன. திபெத்துடனான பழைய வணிகப் பாதைகள் அடைபட்டமை எந்தத் திரைப்படத்தின் கவர்ச்சியாலும் நேர்ந்ததன்று. அரசுகளின் மோதலால் நேர்ந்தது.

திரும்பி வரும் தொண்டருக்கு இதில் ஒரு பாடமுண்டு. தாம் முதலிற் கண்ட ஊர் அப்படியே இருக்கவேண்டுமென அவர் உள்ளம் விரும்புகிறது. ஆனால் அவர் திரும்பிச் செல்லும் இடத்தில் மின்விளக்கும் மருத்துவமனையும் உண்டு. அவ்வூர்ப் பெண்ணுக்கு அவ்வுரிமை எங்கே? பழமையின் அழகைக் காக்கும் கடமையை வறியவரின் தோளில் ஏற்றுவது அன்பின் பெயரால் நிகழும் அநீதியாகும்.

லடாக்கியர் தாமே இதற்கு விடை தேடியுள்ளனர். அந்நிய மொழியில், அந்நியப் பாடங்களைக் கற்பித்து, மாணவரிற் பெரும்பாலோரைத் தேர்வில் தோல்வியுறச் செய்த கல்விமுறையை எதிர்த்து 1988ஆம் ஆண்டு அவர்களுடைய இளைஞர்களே இயக்கம் கண்டனர். செவாங் நோர்ஃபெல் என்னும் லடாக்கியப் பொறியியலாளர், குளிர்கால ஓடைநீரை உறையவைத்து வசந்தகால விதைப்புக்கு உதவும் செயற்கைப் பனிப்பாறைகளை அமைத்தார். பழைய நீர்ப்பங்கீட்டு அறிவும் புதிய பொறியியலும் அங்கே கைகோத்தன.

இந்நூலை நாம் புறக்கணிக்கச் சொல்லவில்லை. படித்து விவாதிக்க வேண்டும் என்கிறோம். வீதியும் படைமுகாமும் வந்துவிட்டதே முன்னேற்றம் என்போருக்கு அது நல்ல மறுப்பு. ஆனால் எதைக் காப்பது, எதைக் களைவது என்று தீர்ப்பளிக்கும் உரிமை அம்மண்ணில் உழைப்போருக்கே உரியது. தொண்டர் அவர்களுக்குத் துணை நிற்கலாம். அவர்களுக்காகத் தீர்மானித்தல் தகாது.