வாத்து வண்டியும் கதை சொல்கிறவரும்

ஊர் சுற்றிக் காட்டுகிற வண்டியில் ஏறி இறங்கியதற்கெல்லாம் விமர்சனமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாடகத்தைப் பற்றி எழுதலாம், கச்சேரியைப் பற்றி எழுதலாம். எண்பது நிமிஷம் ஒருவர் பேச, முப்பது பேர் உட்கார்ந்து கேட்கிற ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது என்று ஏன் இருக்க வேண்டும்? நான் காசு கொடுத்துக் கேட்டவன். அபிப்பிராயம் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1994 முதல் நடந்துவருகிற காரியம் இது. வண்டி, ஆறு சக்கரம் வைத்த ஒரு லாரி. ஆனால் அடிப்பாகம் படகு. வீதிகளில் ஓடிவிட்டு, சார்ல்ஸ் நதிக்கரையில் ஒரு சரிவில் இறங்கி, அப்படியே தண்ணீருக்குள் போய்விடும். இதற்கு வாத்து என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. யுத்த காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் வண்டிகளுக்கு எழுத்துக்களால் குறி போட்டது. டி என்றால் 1942-ஆம் வருஷத்து அமைப்பு. யு என்றால் நிலத்துக்கும் நீருக்கும் பொதுவானது. கே என்றால் முன் சக்கரங்களுக்கும் இயந்திர சக்தி உண்டு. டபிள்யூ என்றால் பின்புறம் இரட்டை அச்சு. நாலு எழுத்தையும் கூட்டிச் சிப்பாய்கள் 'டக்' என்று வாசித்துவிட்டார்கள். கம்பெனி எண்ணாத அர்த்தம் ஒன்று வண்டிக்கு வந்து சேர்ந்தது; அது பொருந்தியும் போயிற்று.

எங்களுக்கு வாய்த்த கதை சொல்கிறவர் அறுபது வயதைத் தாண்டியவர். மாலுமித் தொப்பியும் பொய் மீசையும் வைத்திருந்தார். குரல் நல்ல குரல். அடைப்பில்லாமல், பின் வரிசைவரை எட்டுகிற குரல். அதை அவர் உபயோகித்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். மாகாண சட்டசபைக் கட்டிடம் வந்தது. தங்க ரேக்கு ஒட்டிய கும்மட்டம் வெயிலில் மின்னியது. அதைப் பற்றி இரண்டு வாக்கியம், ஒரு சிலேடை. 1634-இல் ஊர்ப் பொதுவாக ஒதுக்கப்பட்ட புல்வெளி வந்தது. இரண்டு வாக்கியம், ஒரு சிலேடை. ஒரு பழைய கல்லறைத் தோட்டம் வந்தது. அங்கேயும் அதே அளவுதான். நடைபாதையில் போகிறவர்களைக் கண்டால் எல்லோரும் வாத்தைப் போலக் கத்த வேண்டும் என்பது உத்தரவு. நானும் கத்தினேன். மெதுவாகத்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைவிட நன்றாகக் கத்தினாள்.

சிரிப்பு மூட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம்முடைய காலட்சேபக்காரர்களும் சிரிக்க வைக்கிறவர்கள்தான். ஆனால் ஒரு தேர்ந்த பாகவதர் உபகதையில் சபையைக் குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே சீதையை அசோகவனத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார். சிரித்த வாய் மூடாமலே கண் கலங்கும். சிரிப்பு அவருக்கு ஒரு வழி. இவருக்கோ அதுவே போய்ச் சேருகிற ஊராக இருந்தது. அதனால் எண்பது நிமிஷத்தில் பாதிக்கு மேல் எந்தக் கட்டிடம் எது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. சிலேடைகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் சொல்ல முடியாது என்பதில் எனக்குத் திருப்திதான்.

ஒரே ஓர் இடத்தில் நிகழ்ச்சி கலையாயிற்று என்று சொல்லவேண்டும். சரிவின் தலைப்பில் வண்டி நின்றபோது அவர் பேச்சை நிறுத்தினார். முன்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியது. சக்கரங்களின் அதிர்ச்சி நின்று, வேறு ஓர் ஆட்டம், மெத்தென்ற ஆட்டம், உட்கார்ந்த பலகையின் வழியாக உடம்பில் ஏறியது. தரையில் மணிக்கு ஐம்பது மைல் போகும்படி செய்யப்பட்ட வண்டி அது. தண்ணீரில் ஆறு மைலுக்குச் சற்று மேல்தான். அந்த நிதானம் ஒன்றே போதும். உப்பு, மிளகுத்தூள் ஜாடிகள் என்று ஊரார் பரிகாசம் செய்யும் கோபுரங்களோடு லாங்ஃபெலோ பாலம் மெல்ல நெருங்கி வந்தது. ஒரு சிறுவனைக் கூப்பிட்டுச் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வண்டியில் அந்த நேரத்தில் உண்மையாக இருந்தவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

இனி நான் சொல்லும் குறைதான் முக்கியமானது. இத்தனை கதை சொன்னவர், நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த வண்டியின் கதையை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். யுத்தத்துக்காகச் செய்தது, நாஜிகளுக்குப் பிடிக்காது, ஹா ஹா. அவ்வளவுதான். 1942 டிசம்பரில் அதே மாகாணத்தின் கடற்கரையில், பிராவின்ஸ்டவுன் என்ற ஊருக்கு அருகே, கடலோரக் காவற் படகு ஒன்று புயலில் மணல் திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது. பரீட்சைக்காக அங்கே வைத்திருந்த இந்த வினோத லாரி அலைக்குள் ஓடி ஏழு பேரைக் கரை சேர்த்தது. அதுவரையில் ராணுவத்தில் பலர் இதை வீண் செலவு என்றே நினைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் ஸிஸிலியில், அதற்கடுத்த வருஷம் நார்மண்டியில், துறைமுகம் இல்லாத கரைகளில் சாமான் இறக்கியது இதுதான். இருபத்தோராயிரத்துக்கு மேல் செய்தார்கள். ஓட்டுகிறவர் இடத்தைவிட்டு எழாமலே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்திருந்தார்கள். மணலில் புதையாமல் போவதற்கு. யுத்தம் முடிந்த மறுவருஷமே, 1946-இல், விஸ்கான்ஸின் மாகாணத்தில் டெல்ஸ் என்ற இடத்தில் இது உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு நதியில் இறங்கிவிட்டது. இதைவிட நல்ல கதை பாஸ்டன் வீதிகளில் எத்தனை இருக்கும்?

கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. 1999 மே மாதம் முதல் தேதி அர்க்கன்ஸா மாகாணத்தில் ஒரு ஏரியில் இப்படி ஒரு வாத்து மூழ்கியது. இருபத்தொரு பேரில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். மேலே கட்டியிருந்த கூரை, மிதந்து எழ வேண்டியவர்களை உள்ளேயே அமிழ்த்திவிட்டது. கூரையை எடுங்கள், தண்ணீர் புகுந்தாலும் வண்டி மிதக்கும்படி செய்யுங்கள் என்று விபத்து விசாரணைக் குழு எழுதி வைத்தது. எழுதி வைத்தது, அவ்வளவே. 2018 ஜூலையில் மிஸ்ஸூரி மாகாணத்தில் பிரான்ஸன் அருகே டேபிள் ராக் ஏரியில் இன்னொன்று புயலில் மூழ்கியது. முப்பத்தொரு பேரில் பதினேழு பேர் போனார்கள். ஒன்பது பேர் ஒரே குடும்பம். அன்றைக்குப் புயல் எச்சரிக்கை வந்திருந்தது. வழக்கமாகத் தரையைச் சுற்றிவிட்டுத்தான் தண்ணீர். புயலுக்கு முன் முடித்துவிடலாம் என்று தண்ணீரை முதலில் வைத்தார்கள். கூரைகளை எடுக்கவேண்டும் என்று அமெரிக்கப் பார்லிமெண்டு சட்டம் செய்தது 2022 கடைசியில். முதல் விபத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருபத்து மூன்று வருஷம்.

நடு ஆற்றில், குழந்தைகள் முன்னால் இதையெல்லாம் சொல்லச் சொல்கிறீரா என்று கேட்கலாம். இல்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்பது கதை சொல்கிறவனுடைய உரிமை. நானும் அந்தத் தொழில்தான் செய்கிறேன். ஆனால் விட்டதன் கனம் சொன்னதில் தெரிய வேண்டும். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டினாரே, அந்த ஒரு வாக்கியத்தை அவர் சிலேடை இல்லாமல் சொல்லியிருக்கலாம். அதிலும் ஒரு வாத்து வந்து கத்திவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அங்கி எந்தப் பக்கம் என்று நான் கவனிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் கவனித்தார்களா என்பதும் சந்தேகம்.

ஆரம்ப காலத்தில் ஓட்டுகிறவரும் பேசுகிறவரும் ஒருவராகவே இருந்திருக்கிறார். 2016 ஏப்ரலில் பாஸ்டன் வீதி ஒன்றில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இத்தகைய வண்டி மோதி இறந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த மாகாணம், வண்டி ஓட்டுகிறவரே கதை சொல்லக்கூடாது, அதற்கு வேறு ஆள் வேண்டும் என்று சட்டம் செய்தது. கதை சொல்லுவது முழுக் கவனமும் கேட்கிற வேலை என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டு நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. ஓர் உயிர் போன பிறகு.

இறங்கும்போது எல்லோரையும் போக விட்டுவிட்டு அவரிடம் பிராவின்ஸ்டவுன் சம்பவத்தைப் பற்றிக் கேட்டேன். மீசையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே, புயல் எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அற்புதமாகச் சொன்னார், கையைக்கூட ஆட்டவில்லை. இதை மைக்கில் சொல்லக்கூடாதா என்றேன்.

"முன்பெல்லாம் ஓட்டிக்கொண்டே பேசுவேன். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறவனுக்குச் சிரிப்புச் சத்தம் ஒன்றுதான் தெரியும். அது வந்தால் சரி, வராவிட்டால் இன்னொரு சிலேடை. இப்போதுதான் உங்கள் முகங்களைப் பார்க்கிறேன், ஐயா. நீங்கள் பாலத்துக்குப் பிறகு சிரிக்கவே இல்லை" என்றார்.

அடுத்த கூட்டம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பையிலிருந்து மீசையை மறுபடி எடுத்து ஒட்டிக்கொண்டார்.