மூன்றாம் நாள் ருசி

ஓவனிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒரு குக்கியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஆகா ஓகோ என்பவர்களின் தீர்ப்பை நான் நம்புவதில்லை. சூட்டில் எதுதான் ருசிக்காது? வெண்ணெய் இன்னும் உறையவில்லை, சர்க்கரை இறுகவில்லை, சாக்லேட் வாசனை வீட்டையே நிறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மட்டமான குக்கிகூடத் தப்பித்துவிடும். மூன்றாம் நாள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் நியூஜெர்சியில் அட்டைப்பெட்டிக்குள் போய், லாரி மாறி விமானம் ஏறி, மேடிசனில் என் மகனுடைய விடுதி அறையில் டேப்பைக் கிழிக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2008இல் நியூயார்க் டைம்ஸில் டேவிட் லைட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மாவை 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று ஃப்ரிட்ஜில் ஊறவைக்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது. நல்ல காரியம்தான், நானும் செய்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையும் தலைப்பிலேயே குக்கி சூடாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியது. மாவுக்கு ஒன்றரை நாள் பொறுமை காட்டுகிறவர்களால் சுட்டபின் மூன்று நாள் பொறுக்க முடியவில்லை.

எனக்கு மூன்றாம் நாளுக்குச் சுடும் வித்தையில் குரு ஒருவர்தான். எதிர்வீட்டு அம்மாள். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோன சமயம் அவருடைய மகன் ராணுவத்தில் சேர்ந்து ஈராக்கில் இருந்தான். மாதம் இரண்டு பெட்டி அனுப்புவார். பெட்டியில் கொள்ளாமல் மிஞ்சியதைக் காகிதத் தட்டில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அன்றைக்குச் சுட்டதைத் தரமாட்டார். இரண்டு நாள் வைத்திருந்துதான் தருவார். மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறார் என்று முதலில் நினைத்தோம்.

அவருடைய குக்கி பார்வைக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கையில் பாதிகூட வராது. நல்ல கரும்பழுப்பு. மேல்பக்கம் வற்றிய குளத்துத் தரைபோல விரிசல் விட்டிருக்கும். சாக்லேட் சிப்ஸ் பேருக்குக்கூட இருக்காது. சிப்ஸ் இல்லாமல் என்ன சாக்லேட் குக்கி என்று கேட்பவர்கள் ஒரு கோடைக்காலப் பார்சலைத் திறந்து பார்க்கட்டும். சாக்லேட் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். லாரிக்குள் உருகி, குளிர்சாதன அறையில் மறுபடி இறுகி, சாம்பல் பூத்துக் கிடக்கும். பக்கத்துக் குக்கியின் முதுகிலெல்லாம் தீற்றியிருக்கும். கோக்கோ தூளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பாக்தாத் வெயிலுக்கு அனுப்பியவர் கண்டுபிடித்த கணக்கு அது.

இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வளைத்தால் அது முதலில் இணங்கும். இன்னும் கொஞ்சம் வளைத்தால் மேலே விரிசல் விலகும். அதற்கும் பிறகுதான் பிரியும். பட்டென்று உடையாமல், பழைய வேட்டி கிழிவதுபோல மெல்லக் கிழியும். பிரிந்த இடத்தில் உதிரி ஒன்றிரண்டு விழும், அவ்வளவுதான். வாயில் போட்டால் நாலைந்து மெல்லலுக்கு நின்று, பிறகு மொத்தமாகக் கரையும்.

இந்தப் பதத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று வெகுநாள் திண்டாடினேன். ஜவ்வு என்றால் ஜவ்வுமிட்டாய், பல்லோடு மல்லுக்கு நிற்பது. மெத்தென்று என்றால் கேக். ஒரு தீபாவளிக்கு இங்கே அதிரசம் சுடும்போதுதான் சட்டென்று பிடிபட்டது. அம்மா அதிரச மாவைப் பாகில் கிளறி இரண்டு நாள் மூடிவைப்பார். சுட்ட அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. ‘எண்ணெய் அடங்கட்டும், நாளைக்குத் தின்னுங்க’ என்பார். தலைதீபாவளிக்கு அக்கா வீட்டுக்குத் தூக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனபோது ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் காயவில்லை. எதிர்வீட்டு அம்மாளின் குக்கியை அதிரசப் பதம் என்றுதான் நான் சொல்வேன்.

பதத்துக்குக் காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெல்லத்திலும் பிரவுன் சுகரின் மொலாசஸிலும் இருக்கிற குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஈரத்தைப் பிடித்தால் விடாதவை. வெள்ளைச் சர்க்கரையை மட்டும் போட்டால் ஆறும்போது அது மறுபடி கட்டி தட்டும், குக்கி மொறுமொறுப்பாகிவிடும். ஹெர்ஷீஸ் கோக்கோக்காரர்களின் பழைய செய்முறை ஒன்று இருக்கிறது: 2 கப் மாவுக்கு முக்கால் கப் கோக்கோ, ஒன்றேகால் கப் வெண்ணெய், 2 கப் வெள்ளைச் சர்க்கரை, 2 முட்டை, 1 டீஸ்பூன் சோடா. அதை வைத்துக்கொண்டு அம்மாள் செய்த திருத்தங்கள் மூன்றே. சர்க்கரையில் ஒன்றேகால் கப்பைக் கரிய பிரவுன் சுகராக மாற்றினார். வெண்ணெயை உருக்கி ஊற்றினார். அதிலிருக்கிற தண்ணீர் மாவோடு சேர்ந்து பிசின் பிடிக்கும். ஒரு மஞ்சள்கருவை மட்டும் கூடுதலாகப் போட்டார். ரொட்டி மாவில் செய்தால் இன்னும் இழுவை வரும் என்று டிவியில் ஆல்டன் பிரவுன் செய்துகாட்டியதை அவரிடம் சொன்னேன். “செய்து பார்த்தேன், முதல் நாள் நன்றாக இருந்தது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் நாட்டுச் சர்க்கரை வாங்கிவந்து நானும் ஒரு புரட்சி செய்து பார்த்தேன். பதம் மோசமில்லை. ஆனால் வாசனை சர்க்கரைப் பொங்கலுக்குப் போய்விட்டது. கோக்கோ இருக்கிற இடமே தெரியவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை, யாரும் கற்றுக்கொள்ளலாம். கடைசி நிமிடம்தான் வித்தை. ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட். ஒன்பது நிமிடம் என்று பேச்சுக்குச் சொல்வார், கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். எட்டாவது நிமிடத்தில் கதவுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொள்வார். முதலில் எல்லாம் புஸ்ஸென்று உப்பியிருக்கும். ஓரத்திலிருந்து ஈரப் பளபளப்பு உள்நோக்கி வற்றிக்கொண்டே வரும். நடுவில் ஒரு கால்டாலர் காசு அகலத்துக்கு மட்டும் ஈரம் மின்னும்போது கதவைத் திறந்துவிடுவார். அது காசைவிடப் பெரிதாக இருந்தால் மூன்றாம் நாளும் உள்ளே களி. காசு மறைந்துவிட்டால் மூன்றாம் நாள் பலகை. எடுத்த தட்டை அடுப்புமேடையில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். உப்பியதெல்லாம் பெருமூச்சு விட்டதுபோலச் சுருங்கி இறங்கும். அந்த இறக்கத்தில்தான் உள்ளிருக்கிற காற்று வெளியேறி நெருக்கம் வருகிறது, மேலே விரிசலும் விழுகிறது. பிறகு ஐந்து நிமிடம் தட்டைத் தொட விடமாட்டார்.

தட்டைத் தட்டும் வித்தை பின்னாளில் சாரா கீஃபர் பெயரால் நாடெங்கும் பிரபலமாகிவிட்டது. அவருடையது அகலமான குக்கி, வேகும்போதே பலமுறை தட்டி, ஓரமெல்லாம் வட்டவட்டமாக மடிப்பு விழுந்து, பார்க்க அவ்வளவு அழகு. அந்த மொறுமொறு ஓரம் மேடிசன் போய்ச் சேர்வதற்குள் பெட்டியின் அடியில் தூளாகக் கிடக்கும்.

என் மனைவி இந்த மதத்தில் சேரவில்லை. “பிஸ்கட்னா கடக்குன்னு உடையணும்” என்பது அவள் கட்சி. அவளுக்குப் பாரிஸ் பேஸ்ட்ரிக் கலைஞர் பியர் எர்மேயின் கோக்கோ சாப்ளேதான் உசத்தி. டோரி கிரீன்ஸ்பான் வேர்ல்ட் பீஸ் குக்கீஸ் என்ற பெயரில் புத்தகத்தில் போட்டது. கடித்தால் மணலாய்ச் சரியும், உப்பு ஒரு கணம் தாமதமாக வரும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொறுமொறுப்புக்கு ஈரக்காற்று பட்டால் போச்சு, நமுத்துவிடும். நமுத்த பிஸ்கட்டை டீயில் நனைத்தும் காப்பாற்ற முடியாது. வீட்டில் இருக்கும்வரை அவள் கட்சி ஜெயிக்கும், பெட்டி தபால் ஆபீஸ் போய்விட்டால் என் கட்சி.

இந்தக் குலத்துக்கே மூலத்தாய் மொறுமொறு குக்கிதானே என்று அவள் மடக்குவாள். உண்மை. மாசசூசெட்ஸில் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1938 வாக்கில் போட்ட சாக்லேட் சிப் குக்கி சின்னஞ்சிறிது, கரகரவென்றிருக்கும். சமையல் சாக்லேட் தீர்ந்துபோய் ஏதோ தெரியாத்தனமாகச் செய்துவிட்டார் என்று கதை கட்டி வைத்திருக்கிறார்கள். மனையியல் படித்துப் பட்டம் வாங்கி, சமையல் புத்தகமும் எழுதிய பெண்மணி அவர். ஆண்கள் கண்டுபிடித்தால் ஆராய்ச்சி, பெண்கள் கண்டுபிடித்தால் கைதவறல்! இரண்டாம் உலகப் போரில் அந்தக் குக்கி வீடுகளிலிருந்து சிப்பாய்களுக்குக் கடல் கடந்து போனது. எத்தனை முழுதாகப் போய்ச் சேர்ந்ததோ.

இப்படி வீட்டிலிருந்து அனுப்பும் பெட்டிக்குக் கேர் பேக்கேஜ் என்ற பெயரே அந்தப் போருக்குப் பிறகு வந்ததுதான். பசியில் கிடந்த ஐரோப்பாவுக்கு உணவுப்பெட்டி அனுப்பத் தொடங்கிய கேர் அமைப்பின் முதல் பெட்டிகள் 1946 மே மாதம் பிரான்ஸின் ல ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கின. நம்மூரில் மதிய உணவுக்கு அதே கேர் அனுப்பிய பால் பவுடரைக் கரைத்துக் குடித்த தலைமுறையில் நானும் ஒருவன். மகனுக்குப் பெட்டி கட்டும்போது தொண்டையில் அந்தப் பால் வாசனை வந்துபோகும். அதை இந்தத் தலைமுறைக்கு விளக்க முடியாது.

கட்டுவதும் அம்மாளிடம் படித்ததுதான். முழுக்க ஆறிய பிறகு, இரண்டிரண்டாக அடியோடு அடி சேர்த்து, பார்ச்மென்ட் காகிதத்தில் சுற்றி, டின்னுக்குள் நிற்கவைத்து அடுக்க வேண்டும். டேனிஷ் பட்டர் குக்கீஸ் வரும் நீல டின்தான் தோது. எங்கள் வீட்டில் அதற்குள் ஊசியும் நூலும் குடியிருந்தன, காலிசெய்ய வைத்தேன். மேலே ஒரு துண்டு வெள்ளை ரொட்டி. அதன் ஈரம் குக்கிக்குப் போகும், ரொட்டி தியாகியாகும். மூடியை டேப் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் காகிதம் திணித்து, காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். கடகட என்றால் பிரித்துக் கட்டு. தபால்காரர்களின் ஒரே கட்டணப் பெட்டி 70 பவுண்டு வரை தாங்கும் என்பதால் காலுறை, மாத்திரை, ஊறுகாய் எல்லாம் கூடவே போகும். ஒருமுறை புத்திசாலித்தனமாகக் குக்கீஸ் டின்னிலேயே முறுக்கையும் அடுக்கினேன். குக்கியின் ஈரத்தை முறுக்கு குடித்து நமுத்துப்போக, குக்கி வறட்டியாகிவிட்டது. “அப்பா, ரெண்டுல எது குக்கி?” என்று போன் வந்தது.

இப்போது கடைகளில் குக்கி என்ற பெயரில் விற்பதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. நியூயார்க்கில் 1995இல் தொடங்கிய லெவைன் பேக்கரியின் ஆறு அவுன்ஸ் குக்கி ஒரு தனிப்பிறவி, அதற்கு மரியாதை உண்டு. அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்கள்தான் தொல்லை. கைப்பந்து மாதிரி ஒரு உருண்டை, மேலே கிரீம், உள்ளே பச்சை மாவு. பிய்த்தால் சாக்லேட் நூல் நூலாக இழுபடும், அதைப் படமெடுத்துப் போடுவார்கள். அந்தப் படத்துக்காகவே சுட்டது. மறுநாள் அதை யாரும் சாப்பிட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. கடைக்காரர்கள் போகட்டும், மகனுக்கு வரும் பெட்டியை வாங்கிவைக்கும் விடுதி அலுவலகமாவது ஒழுங்கா? போன டிசம்பரில் என் பெட்டி அங்கே ஐந்து நாள் ஹீட்டருக்குப் பக்கத்தில் தலைகீழாகக் கிடந்திருக்கிறது. ‘உடையக்கூடியது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். எட்டாம் நாள் திறந்தும் வளைந்ததாம். பெருமைதான், இருந்தாலும் வயிறு எரிந்தது.

எதிர்வீட்டு அம்மாள் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்கு மகனிடம் போய்விட்டார். முழங்காலிட்டு உட்கார இப்போது முடியாதாம். சென்ற மாதம் துணிந்து அவருக்கே ஒரு டின் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். வாசனை நன்றாக இருக்கிறது, கட்டியது நன்றாக இருக்கிறது, அடியோடு அடி சரியாக வைத்திருக்கிறாய் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “ரொட்டி ரஸ்க்காகிவிட்டது” என்றார். மூன்று நாளில் ரொட்டியிலிருந்து அவ்வளவு ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்றால் குக்கி கிளம்பும்போதே தாகத்தோடு கிளம்பியிருக்கிறது. அரிசோனா வறட்சியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். டின் மூடித்தானே இருந்தது என்றார். “அரை நிமிடம் கூடிவிட்டது, இல்லாவிட்டால் உன் ஓவன் பொய் சொல்கிறது.”

மறுநாள் எட்டு டாலருக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். குமிழ் 350இல் நின்றது. முள் 365ஐக் காட்டியது.