அகரவரிசையும் அரைகுறைக் கையேடும்

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கையாளும் முறையைக் கூறும் நூல் குறையுடையதாயின், கற்போனுக்கு அக்கருவியும் குறையுடையதாகவே தோன்றும். கணிப்பொறியில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் கருவிகளுக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. சுட்டுவதற்குப் படமும் இல்லை. கையேட்டுப் பக்கம் ஒன்றே வழித்துணை.

இப்பக்கங்களுக்கு ஒரு மரபு உண்டு. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதி, 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்த யூனிக்ஸ் கையேடு, பெயர், அமைப்பு, விளக்கம் முதலிய தலைப்புகளோடு 'பிழைகள்' என்றொரு தலைப்பையும் கொண்டிருந்தது. தம் படைப்பின் குறையைத் தாமே எழுதிவைத்த நேர்மை போற்றற்குரியது. (நம் பாடநூல்களில் அத்தகைய தலைப்பை யான் கண்டதில்லை!)

அம்மரபில் வந்ததே குனூ தொகுப்பிலுள்ள 'சார்ட்' என்னும் கட்டளையின் பக்கமும். கோப்பிலுள்ள வரிகளை வரிசைப்படுத்துவது இக்கட்டளையின் தொழில். சொற்பட்டியலை அகரவரிசையில் அமைக்க விழையும் தமிழாசிரியருக்கு மிகவும் பயன்படக்கூடியது. பக்கத்தைத் திறந்தால் விருப்பத்தேர்வுகள் நிரல்பட நிற்கின்றன. முழுமையான எடுத்துக்காட்டு ஒன்றேனும் இல்லை. இறுதியை ஒட்டி ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. சூழலில் குறிக்கப்பட்ட 'லொக்கேல்' வரிசையைப் பாதிக்கும் என்பதும், மரபான பைட் வரிசை வேண்டுவோர் 'எல்சி ஆல்' என்பதற்குச் 'சி' என்னும் மதிப்பைத் தருதல் வேண்டும் என்பதுமே அதன் கருத்து. லொக்கேல் என்பது ஒரு மொழிக்கும் நாட்டுக்கும் உரிய வழக்கங்களின் தொகுதி என்று கூறினாரில்லை. அதனைக் கருதாவிடில் என்ன நேரும் என்றும் காட்டினாரில்லை.

'மரபான' என்னும் சொல்லை நோக்குக. யாருடைய மரபு அது? பைட் வரிசையில் தமிழெழுத்துகள் ஒருங்குறியின் எண் வரிசைப்படியே நிற்கும். அதில் னகரம் பகரத்துக்கு முன்னும், றகரம் லகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும் வருகின்றன. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னே வருகிறது. ஆகவே 'மனம்' முந்தி 'மரம்' பிந்தும். 'பழம்' முந்திப் 'பவளம்' பிந்தும். 'பகல்' முந்திப் 'பக்கம்' பிந்தும். மூன்றும் நம் அகராதி முறைக்கு நேர்மாறானவை. இவ்வளவும் நிகழும்போது பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாது என்பதே பெருந்தீங்கு. பிழையான பட்டியல் அழகாக அச்சேறி வகுப்பறைக்கு வரும். மாணவன் தான் கற்ற நெடுங்கணக்கையே ஐயுறுவான். ஆங்கிலச் சிற்றெழுத்துச் சொற்களை மட்டும் கையாளுவோர்க்கு இருவகை வரிசையும் ஒன்றாகவே அமைதலால், இக்குறை அவர்தம் கண்ணில் படுவதில்லை.

முழுவிளக்கம் 'இன்ஃபோ' என்னும் பெருங்கையேட்டில் இருக்கிறது என்பர். உண்மையே, அங்கே எடுத்துக்காட்டுகளும் பல உள. குறும்பக்கம், கட்டளையின் உதவிக்குறிப்பிலிருந்து 'ஹெல்ப்டுமேன்' என்னும் நிரலால் தானே உருவாக்கப்படுவது. அது குறைக்குக் காரணமாகுமேயன்றிச் சமாதானமாகாது. கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என ஐந்தும் அமைவது காண்டிகையுரை என்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. இப்பக்கமோ பதப்பொருளோடு நின்றுவிட்டது.

திருத்துவது அரிதன்று. எச்சரிக்கையைத் தொடக்கத்துக்குக் கொணர்ந்து, லொக்கேலின் பொருளை ஒரு வரியில் கூறி, மேற்காட்டியன போன்ற சொல்லிணைகள் இருவகை வரிசையிலும் எவ்வாறு அமைகின்றன என்று காட்டினாலே பெரும்பயன் விளையும். கணிப்பொறியில் எவ்வெம் மொழியமைப்புகள் நிறுவப்பட்டுள்ளன என்பதை 'லொக்கேல்' என்னும் தனிக்கட்டளை காட்டும். அதனையும் சுட்டுதல் வேண்டும். இன்னொன்று: 'டீபக்' என்னும் தேர்வைச் சேர்த்து இயக்கினால், எவ்விதியின்படி வரிசை அமைந்தது என்பதைச் சார்ட் தானே அறிவிக்கிறது. ஐயத்தைத் தீர்க்கும் இவ்வரிய வசதியை, வரியின் எப்பகுதி கொண்டு வரிசைப்படுத்தப்பட்டது என்று குறித்துக்காட்டும், ஐயத்துக்குரிய பயன்பாட்டை எச்சரிக்கும் என்ற அளவிலேயே பக்கம் முடித்துவிடுகிறது.

தானே உருவாகும் பக்கமாயினும், துணைக்கோப்பு ஒன்றில் எழுதியவற்றை அதனோடு சேர்த்துக்கொள்ள ஹெல்ப்டுமேன் இடந்தருகிறது. பிழை தெரிவிப்பதற்கெனப் பக்கத்தின் இறுதியில் தனிப்பகுதியும் உண்டு. அங்கே எழுத நிரல் கற்றிருக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய ஆறு சொற்களும், அவை நிற்க வேண்டிய முறையும், அதற்கான ஒரு வரிக் காரணமும் போதும். 'பக்கம்' ஏன் 'பகல்' என்பதற்கு முன் நிற்க வேண்டும் என்பதைத் தமிழாசிரியர் எழுதியனுப்பாமல், அந்நிரலாளர் எங்ஙனம் அறிவார்?