கண்ணாடி நியூரானும் அருவிக்கரை அண்ணனும்

ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் உங்கள் கையிலிருந்தும் ஒரு குரங்கு எதையாவது பிடுங்கியிருக்கும். போன சீஸனில் நான் பறிகொடுத்தது ஒரு பை மங்குஸ்தான். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். 'ஒரு பழம் தின்னலாமே' என்று பையை நோக்கிக் கை நீட்டியதுதான் தாமதம்... பை காணோம்! என் கை எதற்காக நீளுகிறது என்பது என்னைவிட அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நல்லவேளை, துண்டுக்கு அடியில் இருந்த புத்தகத்தை அது சீந்தவில்லை. வி.எஸ்.ராமச்சந்திரன் எழுதிய 'தி டெல்-டேல் பிரெய்ன்'. 2011-ல் வந்தது. வாங்கிப் பல வருஷம் அலமாரியில் தூங்கியதை, பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வரும்போதுதான் தட்டி எழுப்பினேன். 'பி.காம். படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன அக்கறை?' என்பீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

ராமச்சந்திரன் நம்ம ஊர்க்காரர். அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் மூளை ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர். கையை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் வலி வருமே... அதைச் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக் குறைத்துக் காட்டிய ஆள். கோடிக்கணக்கில் மெஷின் கேட்காமல் ஒரு கண்ணாடி கேட்ட விஞ்ஞானியை யாருக்குத்தான் பிடிக்காது? எழுத்தும் அப்படித்தான். நோயாளியை முதலில் மனிதராக அறிமுகப்படுத்திவிட்டு, அப்புறம்தான் மூளைக்குள் கூட்டிப்போவார். துப்பறியும் நாவல் மாதிரி ஓடுகிறது. திருச்சி தாண்டியும் விளக்கை அணைக்காததால் கீழ் பெர்த் பெரியவரிடம் திட்டு வாங்கினேன்.

புத்தகத்தின் கதாநாயகன், 'கண்ணாடி நியூரான்' என்கிற நரம்பு செல். இத்தாலியில் பார்மா என்ற ஊரில் ஜகோமோ ரிசோலாட்டி குழுவினர் குரங்கின் மூளையில் கண்டுபிடித்து, 1992-ல் முதல் அறிக்கை வெளியிட்டார்கள். குரங்கு ஒரு பொருளைக் கையால் எடுக்கும்போது துடிக்கிற அதே செல், வேறொருவர் எடுப்பதை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதும் துடிக்கிறது! அந்தக் குரங்கும் நம்ம ஐந்தருவிக் குரங்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

ராமச்சந்திரன் துள்ளிக் குதித்தார். டி.என்.ஏ. உயிரியலுக்குச் செய்ததை இது மனோதத்துவத்துக்குச் செய்யும் என்று 2000-ல் எழுதினார். 2009-ல் ஒரு மேடையில் இவற்றுக்குக் 'காந்தி நியூரான்' என்று பெயரே வைத்தார். உனக்கும் எனக்கும் நடுவிலுள்ள சுவரைக் கரைப்பவையாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

'ஸ்டீவன் எங்கே?' என்று ஆட்டிசம் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கண்ணாடி சரியாக வேலை செய்வதில்லை, அதனால்தான் அடுத்தவர் மனசு அவர்களுக்குப் புரிவதில்லை என்பது அவர் வாதம். 'உடைந்த கண்ணாடி' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய வாதம். ஆனால், 2010-ல் வந்த ஒரு ஸ்கேன் ஆய்வில், கை அசைவுகளைப் பார்க்கும்போது ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையும் மற்றவர்கள் மூளை மாதிரியேதான் வேலை செய்தது. 2014-ல் கிரெகரி ஹிக்காக் என்ற விஞ்ஞானி ஒரு முழுப் புத்தகமே எழுதி மறுத்தார். கண்ணாடி நியூரான் பொய் இல்லை. அதன் தலையில் ஏற்றிய பாரம்தான் அதிகம்.

விஞ்ஞானத்தில் ஊகம் தப்பாவது சகஜம். என் குறை அதுவல்ல. நான் படித்த காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன்... இரண்டு தனித்தனி அக்கவுன்ட்டை ஒரே பேரேட்டில் எழுதிவிட்டார்.

முதல் அக்கவுன்ட், அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது. காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு. இரண்டாவது, அடுத்தவருக்கு வலித்தால் நமக்கும் வலிப்பது. 2004-ல் லண்டனில் தானியா சிங்கர் குழுவினர், பெண்களை ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்து, பக்கத்தில் அவர்களுடைய காதலர்களின் கையில் லேசாக ஷாக் கொடுத்தார்கள். தனக்கு ஷாக் அடிக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகளில் சில, அவருக்கு அடித்தபோதும் விழித்துக்கொண்டன.

இரண்டும் சேர்ந்தே பழுதாக வேண்டும் என்று சட்டமில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு முதலாவதில் கஷ்டம். இரண்டாவதில் குறை இல்லை. மனச்சிதைவு நோயிலும் முகம் பார்த்து மனசைப் படிப்பது சிரமமாகிறது. கூடச் சேர்ந்து வலிக்கிற குணம் பெரிதும் மிஞ்சி நிற்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நேர்மாறான ஆளும் உண்டு. நம் மனசை வரிவரியாகப் படித்துவிட்டு, துளிகூட வலிக்காமல் கழுத்தறுப்பவர். பெயர் சொல்ல வேண்டாம், உங்களுக்கே நாலு பேர் ஞாபகம் வந்திருக்கும்!

2012-ல் டேமியன் மில்டன் கேள்வியையே திருப்பிப் போட்டார். பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர், தானே ஆட்டிசம் உள்ளவர். 'எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு எங்களைப் புரிகிறதா?' என்பதுதான் அவர் கட்டுரையின் சாரம். ராமச்சந்திரனின் புத்தகத்தில் நான் தேடி ஏமாந்த பக்கம் இதுதான். 'ஸ்டீவன் எங்கே?' என்று கேட்டவர், அந்த ஸ்டீவனும் நம்மைத் தேடிக்கொண்டிருக்கலாமே என்று யோசிக்கவில்லை.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம்.

குற்றாலத்து அருவி தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. தென்காசியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, படிப்பு நின்றுபோனது. அப்போது எனக்கு ஒன்பது வயசு. ஆனி மாதச் சாரலில் அவரை மெயின் அருவிக்குக் கூட்டிப்போன வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். திமிறினார். அலறினார். அருவிச் சத்தத்தில் அலறல் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. நான் கரையில் நின்று அழுதேன்.

வெளியே இழுத்துவந்து உட்காரவைத்தார்கள். உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார்.

"பயந்துட்டியாடே? எனக்கு ஒண்ணும் வலிக்கல. அழாதடே."

'இவனுக்கு ஒண்ணும் புரியாது' என்று ஊரே முடிவுகட்டிய ஆள் அவர். அந்தக் கரையில் ஒரு சின்னப் பையனின் முகத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான். வலிக்காமலா இருந்திருக்கும்? எனக்காகப் பொய் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்ல என் மனசு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தோன்ற, என் அழுகை அவருக்கு வலித்திருக்க வேண்டும். இரண்டு அக்கவுன்ட்டிலும் பற்று இல்லை, வரவுதான்!

பிடித்துத் தள்ளிய நாலு பேர் கெட்டவர்களா? இல்லை. ஒருவர் அவருடைய அப்பா. அவர்கள் மூளையிலும் 'காந்தி நியூரான்' குறைவில்லாமல்தான் இருந்திருக்கும். ஆனால், அன்றைக்கு அவர்கள் கண்ணுக்கு நோய் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் விடிவதற்கு முன் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 'எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது' என்று சட்டத்தில் எழுத நமக்கு 2017 வரை ஆனது. அந்தச் சங்கிலிகளை எத்தனை பேர் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே கடந்துபோயிருப்பார்கள்! 'அடுத்தவர் வலி தெரியாத வியாதி' யாருக்கு இருந்தது, சொல்லுங்கள்?

புத்தகத்தை அவசியம் படியுங்கள். இவ்வளவு சுவாரஸ்யமாக மூளையைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி லேசில் கிடைக்க மாட்டார். அந்தக் காந்தி பட்டத்தை மட்டும் செல்லுக்குக் கொடுக்காதீர்கள். ஐந்தருவிக் குரங்கு என் கையைப் படித்தது, அதற்குப் பழம் கிடைத்தது, கணக்கு முடிந்தது. மனுஷனுக்கு அத்தோடு முடியாது. முகத்தைப் படித்த பிறகு, 'வலிக்குதா?' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அன்றைக்கு அந்த அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.