செய்தித் தலைப்பில் மறையும் வினைமுதல்

தொல்காப்பியம் கூறும் தொழில் முதனிலை எட்டனுள் வினைமுதல் வேறு, கருவி வேறு. 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்னும் வகைத் தலைப்பில் கருவி உண்டு, வினைமுதல் இல்லை. 'போலீஸ்' எனச் சேர்ப்பினும் அது சூட்டிற்கு அடையாகுமேயன்றி எழுவாயாகாது. படையலைக் குறிக்கும் 'பலி' என்னும் சொல்லோ கொலையையே மறைத்துவிடுகிறது.

2018 மே மாதம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவலர் சுட்டதில் 13 பேர் இறந்தனர். சுட்டவர்க்குப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. ஆட்சியாளர் கூற்றாகச் செய்திகளில் இடம்பெற்ற 'சமூக விரோதிகள்' என்னும் பெயர் கூட்டத்தின்மேல் ஏறியது.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைச் சொல்ல அந்நாட்டுப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் மறுத்தார். எனினும் அவனைப் பயங்கரவாதி என்றே சுட்டினார். பெயரை மறுத்தல் வேறு. வினைமுதலை மறைத்தல் வேறு என்பது இவண் நோக்கத்தக்கது.

அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கைக்கு அது பரிந்துரைத்தது. தலைப்புகள் விட்ட வினைமுதலை நான்கு ஆண்டுகளுக்குப் பின் அறிக்கை நிரப்பிற்று. 'காவலர் 13 பேரைச் சுட்டுக் கொன்றனர்' என அன்றே எழுதத் தமிழ் இலக்கணம் தடையன்று.